நின்றால் ஒழுகும்

“ஐயோ, ரத்தம்!”

பந்தல் கால் நடக் குழி தோண்டிக்கொண்டிருந்தவன் கடப்பாரையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தான். உள்ளே ஐஸ் பெட்டியைச் சுற்றி மாரடித்துக்கொண்டிருந்த பெண்களில் பாதிப் பேர் எழுந்து வாசலுக்கு ஓடி வந்துவிட்டார்கள். சாவு வீட்டில் அழுகிற கண்ணைவிட வேடிக்கை பார்க்கிற கண்தான் எப்போதும் அதிகம்.

சசிரேகா கடைசியாக வந்தாள். அதுவரை அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தவள். கம்பெனிச் சட்டையைக்கூட இன்னும் மாற்றவில்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் குனிந்து பார்த்தாள். வாசலை அடைத்துக்கொண்டு நின்ற அப்பாவின் பழைய காருக்கு அடியில், விரித்துப் போட்டிருந்த அட்டையில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிவப்பாக ஒரு கறை. இன்னும் காயவில்லை.

“ரத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கியர் பாக்ஸ் ஆயிலு. அது செவப்பாத்தான் இருக்கும்” என்றாள்.

யார் கேட்டார்கள்? “ஓட்டினவரு போய்ட்டாருன்னு வண்டி ரத்தமா கக்குது பாருடி” என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்த வண்டிக்கு ஊரில் பேய் வண்டி என்றுதான் பேர். மறைமலை நகரில் ஃபிட்டராக இருந்த அப்பா நடேசன் அதை ஓட்டிக்கொண்டு வந்த அன்றைக்கே வைத்த பேர் அது. கம்பெனியில் இருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், தன் அப்பா காலத்து வண்டி என்று ஆசையாக வைத்திருந்து, ஊருக்குத் திரும்பும்போது நடேசனிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார். ஸ்டியரிங் இடது பக்கம். கிளட்ச் கிடையாது. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும், யாரும் எதையும் மிதிக்காமலே நகர ஆரம்பிக்கும். இப்படி ஒன்று தெருவில் வந்தால் ஊர் வேறு என்ன பேர் வைக்கும்?

“சுத்துவட்டாரத்துல அத்தன கம்பெனிலயும் புதுசு புதுசா வண்டி பண்றான். நம்ப வூட்டு வாசல்ல மட்டும் பொணம் கணக்கா ஒண்ணு கெடக்குது” என்று அம்மா மரகதம் அன்றைக்கே திட்டினாள். திட்டிவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்த மரகதம்தான் இப்போது ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அங்கே உட்கார்ந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் இத்தனை கூச்சல் கேட்டும் தலையைத் திருப்பவில்லை.

சசிரேகா காரைப் பார்த்தபடியே நின்றாள். மற்றவர்களுக்கு அது ரத்தமா ஆயிலா என்பது குழப்பம். அவளுக்குக் குழப்பம் வேறு. அந்தக் கறை அங்கே இருக்கவே கூடாது.

வண்டி வந்த நாளிலிருந்தே அப்படித்தான், காலையில் பார்த்தால் அடியில் சிவப்பாகச் சொட்டியிருக்கும். யாரோ ஆரத்தித் தண்ணீரைக் கொட்டிச் செய்வினை வைக்கிறார்கள் என்று மரகதம் வண்டியின் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினாள். நடேசன் கியர் பாக்ஸுக்கு அடியில் இருக்கிற ஆயில் சட்டியைக் கழற்றிப் புது பேக்கிங் வைத்தார். ஒழுகல் நிற்கவில்லை. பின்பக்கத்து ரப்பர் சீல் மாற்றினார். அப்போதும் நிற்கவில்லை. “பாப்பா, நீதான கம்பெனில லீக் பாக்கறவ. வா, இத கண்டுபுடி பாக்கலாம்” என்று மகளைக் கூப்பிட்டார்.

சசிரேகாவுக்கு ஒரகடத்தில் கியர் பாக்ஸ் பாகங்கள் செய்யும் கம்பெனியில், லைன் கடைசியில் இருக்கிற லீக் டெஸ்ட்டில் வேலை. பாகத்தை மூடிக் காற்றடைத்துப் பார்ப்பாள். நின்றால் ஓகே. இம்மி கசிந்தாலும் என்ஜி, சிவப்பு டப்பாவில் போட வேண்டியதுதான். அவள் ஓகே சொன்னது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று சூப்பர்வைசரே சொல்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, அடிப்பாகம் முழுக்கத் துடைத்தார்கள். பிறகு அம்மாவின் முகப் பவுடரை எடுத்து அது முழுக்கத் தட்டிவிட்டாள் சசிரேகா. பவுடர் போட்ட முகத்தில் வேர்வை இறங்கினால் கோடு தெரிகிற மாதிரி இங்கேயும் தெரியும் என்பது கணக்கு. ஒரு ரவுண்டு ஓட்டிக் கொண்டுவந்து உடனே பார்த்தார்கள். கோடு இல்லை. “போச்சுடா, பவுடருதான் தண்டம்” என்று நடேசன் சிரித்தார். மறுநாள் காலையில் கோடு இருந்தது. கியர் போடுகிற தண்டு உள்ளே நுழைகிற இடத்தில், மோதிரம் மாதிரி ஒரு சின்ன ரப்பர் சீல். அங்கேயிருந்து இறங்கியிருந்தது.

ஓடுகிறபோது ஆயிலெல்லாம் மேலே ஏறி வேலை செய்துகொண்டிருக்கும். வண்டியை நிறுத்தினால் கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டிக்கு இறங்கி வரும். மட்டம் அந்தச் சீலுக்கு மேலே ஏறினால் ஒழுகும். அவ்வளவுதான் விஷயம்.

“ஓடினா ஒழுகாது, நின்னா ஒழுகும். அட, என்ன மாதிரியேதான் கீது” என்றார் நடேசன். அதற்குப் பிறகு வீட்டுக்கு வருகிற ஆளுக்கெல்லாம் இதைச் சொல்லாமல் விட்டதில்லை.

அந்தச் சீல் இங்கே எங்கும் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே ஆடியில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது வண்டி ஓட்டவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வண்டி நின்றது. முதலில் சில நாள் ஒழுகிற்று. மட்டம் சீலுக்குக் கீழே போனதும் அதுவாகவே நின்றுவிட்டது. சசிரேகாதான் பழைய அட்டையை எடுத்துவிட்டுப் புது அட்டை போட்டாள். ஐப்பசி பிறந்தும் அந்த அட்டை காய்ந்துதான் கிடந்தது. நேற்று மத்தியானம் இரண்டாம் ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போதுகூடப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது.

ஆயில் சூடானால் பொங்கும், அடுப்பில் வைத்த பால் மாதிரி. பொங்கினால் மட்டம் ஏறும், மட்டம் ஏறினால் ஒழுகும். ஆக, ராத்திரி இந்த வண்டி ஓடியிருக்கிறது.

தம்பி பிரவீனை ஓரமாக இழுத்துக் கேட்டாள். “நீ வண்டிய எடுத்தியாடா?”

“நானா? அத பாத்தாலே எனக்கு ஒதறுது. நான் நைட் ஷிப்ட்டு அக்கா, வல்லம் வடகால் கம்பெனிலேர்ந்து காலைலதான வந்தேன். அம்மா கதவத் தொறந்துச்சி. அப்பா எழுந்திருக்கலடா, போய்ப் பாருன்னுச்சி. போய்த் தொட்டுப் பாத்தா...” அதற்கு மேல் அவனால் முடியவில்லை. அழ ஆரம்பித்துவிட்டான்.

வீட்டில் இருந்தது அம்மாவும் அப்பாவும் மட்டும்தான். அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். நல்ல சாவு என்று காலையிலிருந்து வருகிறவர்களெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படியென்றால் வண்டியை எடுத்தது யார்?

பக்கத்து வீட்டுச் சந்திரம்மாள் அப்போதுதான் ஆரம்பித்தாள். அவளைச் சுற்றி ஏற்கெனவே ஒரு வட்டம் கூடியிருந்தது.

“நான் ஒண்ணுக்குப் போவ எழுந்தேன்டி. வண்டிச் சத்தம் கேக்குது. எட்டிப் பாக்கறேன், இந்த வண்டிதான் தெருவுல வருது. வேகமா இல்ல. சாவுக்கு முன்னால மோளக்காரன் நடப்பான் பாரு, அப்டி மெதுவா வருது. உள்ள நடேசண்ணன் உக்காந்துகினு கீறாரு. கைய மடில வெச்சிக்கினு, கண்ண மூடிக்கினு. கண்ண மூடிக்கினு ஓட்டறாருடி!”

“அடியாத்தாடி!”

“உசுரு போற நேரத்துல ஆசப்பட்டதுல ஏறி ஒரு சுத்து சுத்தும்னு எங்க ஆயா சொல்லும். அதான். அண்ணன் உள்ள படுத்துகினு கீறாரு, ஆவி வண்டிய எடுத்துக்கினு போய்ட்டு வந்திருக்கு.”

லீக் டெஸ்ட்டாவது ஒன்றாவது, அந்த நிமிஷத்தில் சசிரேகாவும் நம்பினாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு தெருவில் வருவது அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது. கை தன்னையறியாமல் துழாவி வாசல் சுவரைப் பிடித்துக்கொண்டது. சுவரோரமாக அவள் காலையில் கழற்றிப் போட்ட கம்பெனி ஷூ கிடந்தது. அதன் அடியில் சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது.

காலையில் பிரவீன் போனில் கத்தி அழுததும் ஷிப்ட் பஸ்ஸில் ஏறி வந்தாள். ஊருக்குப் பிரிகிற கூட்ரோட்டில் இறங்கி, எதிர்ப்பக்கம் போக ரோட்டைத் தாண்டினாள். எதிலோ வழுக்கிக் கீழே விழப் பார்த்தாள். அப்போது கீழே பார்க்கிற நிலையிலா இருந்தாள்? இப்போது குனிந்து ஷூவை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அதே ஆயில்தான்.

ஓடுகிற வண்டி ஒழுகாது. கூட்ரோட்டில் அந்த வண்டி நின்றிருக்கிறது. சும்மா ஒரு நிமிஷம் இல்லை, வெகுநேரம்.

“அத்த” என்று சந்திரம்மாளிடம் போனாள். “அப்பா எந்தப் பக்கம் உக்காந்திருந்தாரு?”

“ஓட்டறவரு உக்கார்ற பக்கந்தான். சோத்துக்கை பக்கம்.” சொன்ன வேகத்திலேயே சந்திரம்மாள் வாயை மூடிக்கொண்டாள். சசிரேகாவை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

சோற்றுக்கைப் பக்கம் எல்லா வண்டியிலும் ஓட்டுகிறவர் பக்கம். இந்த வண்டியில் மட்டும் அது பக்கத்தில் உட்காருகிறவர் பக்கம். அப்பா ஓட்டவில்லை. அப்பாவை உட்கார வைத்துக்கொண்டு வேறு யாரோ ஓட்டியிருக்கிறார்கள்.

“இன்னாம்மா அங்க கூட்டம்?” என்று ஒரு குரல் வந்தது. வட்டம் சட்டென்று விலகியது. நடேசனின் அண்ணன் தாண்டவராயன் மாலையோடு வந்துகொண்டிருந்தார். ஊரில் நல்லது கெட்டது எதற்கும் அவர் சொன்னால்தான் நடக்கும். முறை தப்பக் கூடாது அவருக்கு. சந்திரம்மாளின் மகன் எழிலரசன் ஒரு மழைக்காலத்தில் பைக்கில் போகும்போது கன்டெய்னர் லாரியில் மாட்டி ரோட்டிலேயே செத்துப் போனான். வெளியே உயிர் போன உடம்பை வீட்டுக்குள் எடுக்கக் கூடாது என்று இவர்தான் சொன்னார். பெற்றவள் காலில் விழுந்து கதறினாள். “இன்னைக்கு உனக்காக உட்டா, நாளைக்கு அந்த வூடு வெளங்காது, அந்தப் பழி யாருக்கு?” என்றார். இருபத்தைந்து வயதுப் பையனைத் தெருவில் ஓலைப் பந்தலில் போட்டார்கள். மழை அடித்த அடியில் பந்தல் ஒழுகிற்று. மரகதம்தான் விடிகிற வரைக்கும் அவன் முகத்துக்கு மேலே குடை பிடித்துக்கொண்டு நின்றாள்.

தாண்டவராயன் உள்ளே போய்த் தம்பிக்கு மாலை போட்டு, ஐஸ் பெட்டிமேல் தலையைச் சாய்த்துச் சிறுபிள்ளை மாதிரி அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர், “வண்டிய இன்னும் எடுக்காம இன்னாடா பண்றீங்க? பந்தல் எப்ப போடறது, எப்ப எடுக்கறது?” என்று சத்தம் போட்டார்.

ஒருத்தனும் நகரவில்லை. சசிரேகா சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போனாள். கதவைத் திறந்து இடது சீட்டில் ஏறினாள். முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டை முன்னால் இழுக்க முடிந்தமட்டும் இழுத்திருந்தார்கள். கீழே மெத்தென்று ஏதோ இருந்தது. கையை விட்டு எடுத்துப் பார்த்தாள். அம்மா தையல் மிஷின் முக்காலியில் போட்டு உட்காருகிற பழந்துணித் திண்டு.

அதைப் பார்த்தும் மனசுக்கு எட்டவில்லை. அம்மா சைக்கிள்கூட ஓட்டினதில்லை. சாவியைத் திருப்பினாள். வண்டி இருமிக்கொண்டு உயிர் பெற்றது. கியரை இழுத்து வைத்துப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். வண்டி நகரவில்லை. லேசாக மிதித்தாள். இன்ஜின் உறுமிற்று, வண்டி மட்டும் அசையாமல் நின்றது. “பாத்தியா, அவரு இல்லாம நவுறமாட்டேங்குது” என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அப்பா ஓட்டினபோது ஒருநாளும் இது இப்படிச் செய்ததில்லை. மாசக்கணக்கில் நின்று, ஆயில் குறைந்து, புதிதாக வந்த நோவு இது. சசிரேகா இன்னும் அழுத்தி மிதிக்கப் போனாள்.

“அவசரப்படாத பாப்பா” என்று வீட்டுச் சன்னலுக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு மரகதம் பேசிய முதல் வார்த்தை அதுதான். “மிதிக்காத. கொஞ்சம் பொறு. மூச்சு வாங்கிக்கினுதான் கெளம்பும்.”

சொல்லி வாய் மூடுவதற்குள் வண்டி ஒரு குலுக்கலோடு நகர்ந்தது.

சசிரேகா வண்டியை எதிர்ச்சாரியில் கொண்டுபோய் நிறுத்தினாள். புதிதாக வந்த நோவு, நேற்று ராத்திரி இதை ஓட்டினவருக்குத்தான் தெரியும். வேறு ஒரு ஜீவனுக்கும் தெரியாது.

உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். ஐஸ் பெட்டி சீராக இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் என்ன பேசினாலும் மற்றவர்களுக்குக் கேட்காது. கண்ணாடியில் பனி மூடியிருந்தது. மரகதம் முந்தானையால் துடைத்தாள். நடேசனின் முகம் தெளிவாகி மறுபடி மங்கிற்று.

“எவ்ளோ தூரம்மா போன?” என்றாள் சசிரேகா.

மரகதம் மறுக்கவில்லை. “கூட்ரோடு வரைக்கும்.”

“எதுக்கும்மா?”

“நெஞ்சு அடைக்குதுன்னாரு. நூத்தியெட்டுக்குப் போடறேன்னேன். வேணாண்டி, இது பாப்பா பஸ்ஸு வர்ற நேரம், கூட்ரோடு வரைக்கும் நீ உருட்டிக்கினு வந்துடு, அங்கேர்ந்து பாப்பா ஓட்டும், ஆஸ்பத்திரிக்குப் போய்டலாம்னாரு. என்னால ஆவாதுன்னேன். தையல் மிஷினு மாதிரிதான் மரகதம், வேற ஒண்ணும் இல்ல, நான் பக்கத்துலதான கீறேன்னாரு. திருநீறு பூசிக்கினு வந்து ஏறி உக்காந்துட்டாரு. நான் மிதிக்கவே இல்ல பாப்பா. கால எடுத்தேன், அதுவா போச்சி.”

லைனில் செல்போன் வைத்துக்கொள்ளக் கூடாது. லாக்கரில்தான் போட்டுப் பூட்ட வேண்டும். நேற்று ஷிப்ட் முடிகிற நேரத்தில்தான் சூப்பர்வைசர் வந்து, அடுத்த ஷிப்ட்டுக்கு ஆள் வரவில்லை, ஓடி பார்த்துவிட்டுப் போ என்றார். ஓடி என்றால் ஓவர்டைம். வீட்டுக்குச் சொல்லக்கூட நேரமில்லை. பூட்டின லாக்கருக்குள் அம்மாவின் போன் எத்தனை தடவை அடித்ததோ. காலையில் எடுத்துப் பார்த்தபோது திரை முழுக்க அம்மா பேர்தான் இருந்தது.

“பஸ்ஸு வந்துச்சி” என்றாள் மரகதம். “எதிர்ல நின்னுச்சி. கண்ணாடில தலைய ஒட்டிக்கினு பாத்துக்கினே இருந்தாரு. ஒவ்வொருத்தரா எறங்கினாங்க. நீ எறங்கல.”

ஓடி என்று சொல்லச் சசிரேகா வாயெடுத்தாள். ஓடி என்பது எத்தனை கேவலமான வார்த்தை என்று அப்போதுதான் தெரிந்தது.

“அடுத்த பஸ்ல வரும்னாரு. அப்பறம் ஒண்ணும் பேசல. நான்தான் பேசிக்கினே இருந்தேன். அவருக்குப் பயம் வரக்கூடாதுன்னு எது எதயோ பேசினேன். ரொம்ப நேரம் கழிச்சித்தான் தெரிஞ்சிது, நான் மட்டுந்தான் பேசிக்கினு இருந்தேன்னு.”

மரகதம் மறுபடி கண்ணாடியைத் துடைத்தாள்.

“அங்கேர்ந்து எப்டிம்மா வந்த?”

“வந்தாப்லயேதான் வந்தேன். இவர ரோட்டுல போட உடுவனா? அந்தப் புள்ள நனைஞ்சத நான் பாத்தவ இல்ல? வாசல்ல நிறுத்தினேன், சந்திரா எழுந்து வந்துட்டா. ஒண்ணுமே கேக்கல. இவரு கால அவதான் புடிச்சா.”

சசிரேகா திரும்பிச் சன்னல் வழியாகப் பார்த்தாள். வெளியே சந்திரம்மாள் புதிதாக வந்தவர்களுக்குக் கதையைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். வண்டியில் விளக்கே எரியவில்லை என்றும், வண்டிக்கு முன்னால் ஒரு வெள்ளைப் பூனை ஓடிற்று என்றும் இப்போது சேர்த்திருந்தாள். வண்டிச் சத்தம் எத்தனை வீட்டில் கேட்டதோ, அத்தனை வீட்டுக்கும் ஒரு பேயை வேலை மெனக்கெட்டு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

ஆனால் தாண்டவராயன் பேய்க்கு மசிகிற ஆள் இல்லை. பந்தல் போட்டு முடிந்து மேளம் வந்து இறங்கின பிறகு, சசிரேகாவைக் கூப்பிட்டு அனுப்பினார். வண்டி நின்றிருந்த இடத்தில், சிவப்பு அட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் ஆட்கள்.

“ஊரே ஒண்ணு பேசுது” என்றார். “நீ படிச்ச பொண்ணு. கம்பெனில ஒழுகுதா இல்லியான்னு பாக்கறதுதான் உன் வேல. நீ சொல்லு. இந்த வண்டி ராத்திரி ஓடிச்சா, இல்லியா?”

“எதுக்குப் பெரிப்பா?”

“ஓடியிருந்தா எவனோ ஓட்டியிருக்கணும். எந்தம்பி உள்ள உக்காந்திருந்தான்னா, உசுரு எங்க போச்சின்னு எனக்குத் தெரியணும். வெளிய போயிருந்தா வெளியதான் கெடத்தணும். இன்னொருத்தன் புள்ளைக்கு ஒரு நாயம், எந்தம்பிக்கு ஒரு நாயமா?” அவர் குரல் உடைந்தது. “எனக்கு மட்டும் ஆசயா, சொல்லு.”

மேளக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அம்மா சன்னலில் தெரிந்தாள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சசிரேகா அட்டையின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். விரலால் தொட்டுக் கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தாள். சும்மா பாவனைக்கு. ஒழுகுகிற ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவள் இன்றுவரை ஓகே சொன்னதில்லை.

“இந்த வண்டி ஓடினா ஒழுகாது பெரிப்பா” என்றாள். “நின்னாத்தான் ஒழுகும். அப்பா எல்லார்கிட்டயும் சொல்லுவாரே, உங்ககிட்டயும் சொல்லியிருப்பாரு. ஒழுகிக் கீதுன்னா, நின்னுகினு இருந்திச்சின்னு அர்த்தம்.”

ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆயில் பட்ட கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

“ஆமா பெரிப்பா, அப்பா சொல்லுவாரு. நின்னா ஒழுகும்னு” என்றான் பிரவீன். அவனுக்கு வேறொன்றும் தெரியாது, பாவம்.

தாண்டவராயன் யோசித்தார். “அப்ப சந்திரா பாத்தது?”

“ஆவிண்ணே! ஆவியில்லாம இன்னா?” சந்திரம்மாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். தலைமுடி அவிழ்ந்திருந்தது. “எம்புள்ளய போட்ட தெருண்ணே இது. எங்கண்ணுக்குத் தெரியாம வேற யாரு கண்ணுக்குத் தெரியும்? நான் பொய் சொல்லுவனா? சொல்லுங்க, நான் பொய் சொல்லுவனா?”

அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “ஆவிக்கு இன்னா, அது எங்க வேணா போவும். ஒடம்பு வூட்லதான கெடந்திச்சி” என்றார். பிறகு மேளக்காரர்களைப் பார்த்து, “இன்னாடா வாயப் பாத்துக்கினு நிக்கறீங்க, அடிங்க” என்றார்.

நடேசனைக் கூடத்திலேயே குளிப்பாட்டினார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். அவர் மரம் வாங்கி, அவர் நிலை வைத்த வாசற்படி வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். கால் வாசற்படியைத் தாண்டுகிறபோது மரகதத்துக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து அடக்கினதெல்லாம் சேர்ந்து வந்தது. “வூட்லேர்ந்து போற சாமி! நம்ப வூட்லேர்ந்து போற!” என்று கத்தினாள். துக்கத்தில் என்னவோ பிதற்றுகிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். சந்திரம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு, அவளைவிடச் சத்தமாக அழுதாள். அந்த அழுகை நடேசனுக்காக மட்டும் இல்லை என்று சசிரேகாவுக்குத் தெரிந்தது.

ஊர்வலம் தெருமுனை திரும்பிப் போய்விட்டது. பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். கொள்ளி வைத்துவிட்டுத் தலை முழுகி ஈரத் துணியோடு திரும்பிய பிரவீன், மஞ்சள் தண்ணீர் வாளியோடு எதிர்ச்சாரிக்கு வந்தான். ஆவி ஏறின வண்டி, உள்ளேயும் வெளியேயும் கழுவிவிடு என்று பெரியப்பா சொல்லியனுப்பியிருந்தார்.

சசிரேகா அதற்கு முன்பே வந்து வண்டியில் உட்கார்ந்திருந்தாள். இடது சீட்டில் இல்லை, வலது சீட்டில். சீட்டைத் தொடவில்லை. திண்டு அந்தப் பக்கத்தில் அப்படியே கிடந்தது.

சன்னல் கண்ணாடியின் உள்பக்கத்தில், உட்கார்ந்திருக்கிறவர் நெற்றி படுகிற உயரத்தில், திருநீறு அப்பியிருந்தது. மூன்று விரல் பட்டை கலைந்து, ஒரே வெள்ளையாக. வெயில் அதில் பட்டுத் தெரு முழுக்க வெளிறித் தெரிந்தது. அவள் தன் நெற்றியை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய், படாமல் வைத்துக்கொண்டு பார்த்தாள். தெருவில் யாரும் இல்லை.

“எறங்குக்கா” என்றான் பிரவீன். வாளியில் துணியை நனைத்துப் பிழிந்தான். “உள்ளயும் தொடைக்கச் சொன்னாரு. அந்தக் கண்ணாடில என்னமோ அப்பிக்கினு கீது பாரு.”

சசிரேகா கதவிலிருந்த கைப்பிடியைப் பிடித்தாள். வெகுநாள் சுற்றாத பிடி, முதலில் அசையவில்லை. கொஞ்சம் பொறுத்து, மெதுவாகச் சுற்றினாள். கண்ணாடி நடுங்கிக்கொண்டே கதவுக்குள் இறங்கிற்று.

“எந்தக் கண்ணாடில?” என்றாள்.

ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு பிரவீன் அந்தக் காலிச் சட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான்.